குழந்தைகள் மரம் ஏறட்டும். பெரியவர்கள் கிளையைப் பார்க்கட்டும்

டென்மார்க் நாட்டில் மழலையர் பள்ளிகளில் ஒரு வகை உண்டு. அங்கே வகுப்பறை என்று பெரிதாக எதுவும் இராது. மழை வலுத்தால் ஒதுங்குவதற்கு ஒரு சிறு மரக்குடில், உடைமாற்றிக்கொள்ள ஓர் இடம், அவ்வளவே. மூன்று முதல் ஆறு வயது வரையுள்ள குழந்தைகள் காலையில் வந்து சேர்ந்ததும், நீர் புகாத உடையும் முழங்கால் வரை உயர்ந்த காலணியும் அணிந்துகொண்டு ஆசிரியர்களுடன் காட்டுக்குள் நடக்கின்றனர். விழுந்து கிடக்கும் மரத்தின் மீது ஏறுகின்றனர், சேற்றைக் குழைக்கின்றனர், உரிந்த பட்டைக்கு அடியில் ஊரும் பூச்சிகளை நெடுநேரம் குந்தியிருந்து பார்க்கின்றனர். பனிக்காலத்திலும் இதே வழக்கம்தான். இவ்வகைப் பள்ளிகள் ஜெர்மனி, சுவீடன், இங்கிலாந்து என்று பல நாடுகளில் பரவியிருக்கின்றன. இவற்றைப் பொதுவாகக் 'காட்டுப் பள்ளிகள்' எனலாம்.

இவற்றைப் பற்றி முதன்முதலில் படித்தபோது எனக்கு வியப்பு ஏற்படவில்லை. பழைய குற்றவுணர்வு ஒன்றுதான் மேலெழுந்தது. அதைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையைத் தொடர்வது நேர்மையாகாது.

முறிந்த கிளை

சுமார் இருபது ஆண்டுகளுக்கு முன்பு, புதுக்கோட்டை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் நான் தமிழாசிரியராகப் பணியாற்றி வந்தேன். ஒருநாள் ஏழாம் வகுப்பில், கபிலர் குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களை அடுக்கிச் சொல்லும் செய்தியைக் கதைபோலக் கூறிக்கொண்டிருந்தேன். காந்தள், காயா, ஆவிரை, சூரல், தும்பை என்று நினைவில் இருந்த பெயர்களை ஒப்பித்தேன். முன்வரிசையில் இருந்த ஒரு மாணவி எழுந்து, "ஐயா, இதுல எந்தப் பூவெல்லாம் நம்ம ஊர்ல இருக்கு?" என்று கேட்டாள்.

ஆவிரையும் தும்பையும் இருக்கின்றன என்றேன். காயா பற்றிக் கேட்டபோது விழித்தேன். இலக்கியத்தில் எத்தனையோ முறை படித்த பூ அது. கண்ணால் கண்டதாக நினைவில்லை. பின்னர் தாவரவியல் ஆசிரியர் ஒருவரிடம் கேட்டு அறிந்தேன். எங்கள் ஊர் ஐயனார் கோயில்காட்டில் ஊரார் 'காசா' என்று அழைத்துவந்த மரம்தான் அது. என் மாணவர்கள் அனைவருக்கும் அந்த மரம் தெரியும். ஆனால் அதன் இலக்கியப் பெயர் தெரியாது. எனக்குப் பெயர் தெரியும். ஆனால் மரம் தெரியாது. இருவரிடமும் பாதிப் பாதியாக இருந்த அறிவு ஒன்றுசேர வேண்டுமானால், பள்ளியிலிருந்து பத்து நிமிடம் நடக்க வேண்டியிருந்தது.

நடந்தோம். அன்று முதல் வெள்ளிக்கிழமைதோறும் கடைசி இரண்டு பாடவேளைகளில் வகுப்பு முழுவதையும் கோயில்காட்டுக்கு அழைத்துச் சென்றேன். சுற்றிலும் தைலமரத் தோப்புகள் பெருகிவிட்ட நிலத்தில், ஊரின் பயபக்தியால் தப்பிப் பிழைத்திருந்த சிறு காடு அது. வீரையும் உலக்கைப்பாலையும் காயாவும் நெருங்கி வளர்ந்த நிழலில், மண் புரவிகளின் வரிசைக்கு அருகே அமர்ந்து பாடம் நடத்துவேன். பிறகு குழந்தைகளை விளையாட விட்டுவிடுவேன். வகுப்பறையில் வாய் திறவாத சிலர் அங்கே மற்றவர்களுக்கு வழிகாட்டினர். ஆடு மேய்க்கச் செல்லும் ஒரு சிறுவன், எந்தக் கொடியைத் தொட்டால் அரிக்கும், எந்தப் பழத்தைத் தின்னலாம் என்று எனக்கே பாடம் எடுத்தான்.

ஏறத்தாழ நான்கு மாதங்கள் இவ்வாறு சென்றன. பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, ஒரு மாணவன் ஏறியிருந்த கிளை முறிந்தது. அவனுக்கு முன்கை எலும்பு முறிந்தது. நாற்பதுக்கும் மேற்பட்ட மாணவர்களுடன் பெரியவர் என்று நான் ஒருவன் மட்டுமே அங்கு இருந்தேன். அவனைத் தூக்கிக்கொண்டு ஓடுவதா, மற்றவர்களைப் பார்த்துக்கொள்வதா என்று புரியாமல் தடுமாறிய அந்த நிமிடங்கள் இன்னும் மறக்கவில்லை. அடுத்த வாரம் விளக்கம் கேட்டுக் குறிப்பாணை வந்தது. மாணவர்களை வளாகத்துக்கு வெளியே அழைத்துச் செல்லக் கூடாது என்று வாய்மொழியாகவும் சொல்லப்பட்டது. நானும் நிறுத்திக்கொண்டேன்.

மூன்று வாரங்கள் கழித்து, கையில் மாவுக்கட்டுடன் அந்த மாணவன் என்னிடம் வந்தான். "ஐயா, இந்த வாரமும் காட்டுக்குப் போகலையா?" என்றான். பாடம் நிறைய மிச்சம் இருக்கிறது என்றேன். அது பொய்.

அந்தக் கேள்விக்குரிய நேர்மையான விடையைப் பணி ஓய்வு பெற்ற பிறகே தேடத் தொடங்கினேன். தேடல் என்னைக் காட்டுப் பள்ளிகளிடம் கொண்டுசென்றது. அன்று நான் செய்தது தவறா என்று அறிய விரும்பினேன். செய்தது தவறில்லை, செய்த முறையில்தான் தவறு இருந்தது என்பதை அவை எனக்கு உணர்த்தின.

காட்டுப் பள்ளி வந்த வழி

குழந்தைகளை மரநிழலில் கற்க வைப்பது புதிய சிந்தனை அன்று. 'கிண்டர்கார்டன்' என்ற சொல்லை உருவாக்கிய பிரெடரிக் புரோபெல் என்ற ஜெர்மானியக் கல்வியாளர், இளமையில் வனக்காவலர் ஒருவரிடம் தொழில் பயின்றவர். 1837ஆம் ஆண்டு சிறு குழந்தைகளுக்கான தம் நிறுவனத்தை அவர் தொடங்கினார்; 1840இல் அதற்குக் 'குழந்தைகளின் தோட்டம்' என்று பொருள்படும் அந்தப் பெயரைச் சூட்டினார். அங்கே குழந்தைகள் ஒவ்வொருவருக்கும் பாத்தி பிரித்துக் கொடுக்கப்பட்டது. நம் ஊரில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. என்று அன்றாடம் உச்சரிக்கிறோம். அவற்றின் கடைசி எழுத்துக்குத் தோட்டம் என்று பொருள் என்பதை நினைப்பவர் அரிது. பெயரை எடுத்துக்கொண்டு தோட்டத்தை விட்டுவிட்டோம்.

1904இல் பெர்லினை ஒட்டிய சார்லட்டன்பர்க்கில், உடல் நலிந்த குழந்தைகளுக்காகப் பைன் மரக் காட்டுக்குள் ஒரு பள்ளி தொடங்கப்பட்டது. காசநோய் அச்சுறுத்திய காலம் அது. நல்ல காற்றும் வெயிலும் உணவும் கிடைத்தால் குழந்தைகள் தேறுவர் என்பதே அதன் நோக்கம். நம் நாட்டிலும் அதற்கு முன்பே, 1901இல், இரவீந்திரநாத் தாகூர் சாந்திநிகேதனில் ஐந்து மாணவர்களுடன் பள்ளியைத் தொடங்கினார். இன்றும் அங்கே மரத்தடியில் வகுப்புகள் நடக்கின்றன. அந்த இடத்தை 2023இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

ஆனால், இன்று நாம் அறியும் காட்டுப் பள்ளியின் வேர் வேறொன்று. 1950களின் தொடக்கத்தில் டென்மார்க்கில் எல்லா பிளாட்டாவ் என்ற பெண்மணி, தம் குழந்தைகளையும் அண்டை வீட்டுக் குழந்தைகளையும் நாள்தோறும் காட்டுக்கு அழைத்துச் சென்றார். அக்கம்பக்கத்துப் பெற்றோர் அதை விரும்பவே, அது ஒரு மழலையர் பள்ளியாக வளர்ந்தது. அங்கே காட்டுக்குப் போவது மருத்துவமன்று. மரநிழலில் புத்தகம் விரிப்பதும் அன்று. காட்டில் இருப்பதும் விளையாடுவதுமே கல்வியாகக் கொள்ளப்பட்டன.

சுவீடனில் 1957இல் 'ஸ்கோக்ஸ்முல்லே' என்ற கற்பனைக் காட்டுப் பாத்திரத்தை வைத்துக் குழந்தைகளுக்கு இயற்கையை அறிமுகப்படுத்தும் முயற்சி தொடங்கியது. அதன் தொடர்ச்சியாக 1985இல் முழுநேர வெளிப்புற மழலையர் பள்ளி உருவானது. ஜெர்மனியில் பிளென்ஸ்பர்க் நகரத்துக் காட்டு மழலையர் பள்ளி 1993இல் அரசின் அங்கீகாரம் பெற்றது. இன்று அந்நாட்டில் அத்தகைய பள்ளிகள் ஆயிரத்துக்கும் மேல் இருக்கின்றன. அதே 1993இல், இங்கிலாந்தின் பிரிட்ஜ்வாட்டர் கல்லூரியைச் சேர்ந்த குழந்தைப் பராமரிப்புத் துறை மாணவர்களும் ஆசிரியர்களும் டென்மார்க் சென்று இம்முறையைக் கண்டு திரும்பினர். தங்கள் ஊருக்கு ஏற்றவாறு அதைத் தொடங்கி, 'காட்டுப் பள்ளி' என்ற பெயரையும் இட்டனர். எதைக் காட்டுப் பள்ளி என்று அழைக்கலாம் என்பதற்கு ஆறு நெறிகள் வகுக்கப்பட்டன; 2012இல் அதற்கென ஒரு சங்கமே அமைந்தது.

சுற்றுலா அன்று

அந்த நெறிகளைப் படித்தபோது மூன்று செய்திகள் என்னை நிறுத்தின.

முதலாவது, தொடர்ச்சி. குழந்தைகள் குறைந்தது இரண்டு வாரங்களுக்கு ஒருமுறையேனும், ஒன்றுக்கு மேற்பட்ட பருவங்கள் கடந்து செல்லும் வரையிலும், காட்டுக்கு வர வேண்டும் என்பது விதி. ஆண்டுக்கொரு முறை பேருந்தில் அழைத்துச் சென்று, வரிசையில் நிற்கவைத்து, மாலைக்குள் திரும்பிவிடும் இன்பச் சுற்றுலா இந்தக் கணக்கில் சேராது. ஒரே மரத்தை இலை உதிர்த்த கோலத்திலும், தளிர்த்த கோலத்திலும், பூத்த கோலத்திலும் பார்க்கும் குழந்தைக்குத்தான் பருவம் என்றால் என்ன என்று புரியும். சென்ற வாரம் தான் கட்டிய குச்சி வீடு இந்த வாரம் சரிந்து கிடப்பதைப் பார்த்து, ஏன் என்று கேட்டு, மீண்டும் கட்டும்போதுதான் அது கற்கிறது. எங்கள் வெள்ளிக்கிழமைகளில் நான்காவது, ஐந்தாவது வாரத்துக்குப் பிறகே மாணவர்களின் கேள்விகள் கூர்மையாயின என்பதை இப்போது நினைவுகூர்கிறேன். முதல் வாரத்தில் அவர்கள் வெறுமனே ஓடினர்.

இரண்டாவது, தேர்வு குழந்தையுடையது. ஆசிரியர் இடத்தையும் நேரத்தையும் பாதுகாப்பையும் அமைத்துக் கொடுக்கிறார். என்ன செய்வது என்பதைப் பெரும்பாலும் குழந்தையே முடிவு செய்கிறது. கயிறு கட்டி ஊஞ்சலாடும் குழுவும் உண்டு. இரண்டு மணி நேரமும் ஓர் எறும்புப் புற்றருகே அமர்ந்திருக்கும் குழந்தையும் உண்டு. ஆசிரியர் உற்றுக் கவனிக்கிறார், குறித்துக்கொள்கிறார், கேட்டால் மட்டும் விடை தருகிறார். எங்களைப் போன்ற ஆசிரியர்களுக்கு மிகக் கடினமானது இதுதான். பேசாமல் இருப்பதற்கு எவரும் எங்களுக்குப் பயிற்சி தந்ததில்லை.

மூன்றாவது, இடர். குழந்தை தன் வயதுக்கும் திறனுக்கும் ஏற்ற இடர்களைச் சந்திக்க வாய்ப்புத் தரப்பட வேண்டும் என்று அந்த நெறிகள் வெளிப்படையாகவே கூறுகின்றன. மரம் ஏறுதல், கத்தியால் குச்சி சீவுதல், தீ மூட்டுதல் ஆகியவை அங்கே தடை செய்யப்பட்டவை அல்ல, கற்றுத்தரப்படுபவை. அவற்றைக் கற்றுத்தருபவரும் அதற்கென்றே தகுதிப் பயிற்சி பெற்றவராக இருக்க வேண்டும்.

ஆய்வுகள் சொல்வது

இதனால் குழந்தைகளுக்கு உண்மையிலேயே நன்மை உண்டா என்பது நியாயமான கேள்வி. இயற்கையைப் பற்றிப் பேசும்போது மிகைப்படுத்துவது எளிது. எனவே, அளந்து பார்க்கப்பட்ட மூன்றை மட்டும் இங்கே குறிப்பிடுகிறேன்.

நார்வேயில் இங்குன் பியோர்டாப்ட் என்ற ஆய்வாளர், ஐந்து முதல் ஏழு வயதுக் குழந்தைகளை ஒன்பது மாதங்கள் கவனித்து 2001இல் முடிவுகளை வெளியிட்டார். ஒரு பகுதியினர் பள்ளியை ஒட்டிய காட்டில் நாள்தோறும் ஓரிரு மணி நேரம் விளையாடினர். மற்றவர்கள் வழக்கமான விளையாட்டுத் திடலில் விளையாடினர். காட்டில் விளையாடியவர்களின் உடல் சமநிலையும் கைகால் ஒருங்கிணைப்பும் கூடுதலாக மேம்பட்டிருந்தன. காரணம் எளியது. திடலின் தரை ஒரே சீராக இருக்கும்; காட்டுத் தரையில் ஒவ்வோர் அடியையும் உடல் புதிதாகக் கணக்கிட வேண்டும்.

சீனாவின் குவாங்சோ நகரத்தில் 12 தொடக்கப் பள்ளிகளில் நடந்த ஆய்வு 2015இல் வெளியானது. பாதிப் பள்ளிகளில் முதல் வகுப்புக் குழந்தைகளுக்கு நாள்தோறும் கூடுதலாக 40 நிமிடங்கள் வெளிப்புற நேரம் தரப்பட்டது. மூன்று ஆண்டுகளுக்குப் பின் அப்பள்ளிகளில் 30.4 விழுக்காட்டுக் குழந்தைகளுக்குக் கிட்டப்பார்வைக் குறைபாடு புதிதாக ஏற்பட்டிருந்தது. மற்றப் பள்ளிகளில் இது 39.5 விழுக்காடு. இங்கே காடு கூடத் தேவைப்படவில்லை. திறந்தவெளியின் பகல் வெளிச்சமே பயன் தந்திருக்கிறது. தைவான் அரசு 2010 முதல் குழந்தைகளை நாள்தோறும் 120 நிமிடங்கள் வெளியில் இருக்கச் செய்யும் திட்டத்தைப் பள்ளிகளில் செயல்படுத்திவருவதும் கண் நலம் கருதியே.

பின்லாந்தில் 2020இல் வெளியான ஆய்வு வேறு வகையானது. நகரத்துக் குழந்தைகள் காப்பகங்கள் சிலவற்றின் சரளை பரப்பிய முற்றங்களில், காட்டுத் தரையையே பெயர்த்துக் கொண்டுவந்து பதித்தனர். குழந்தைகள் அதில் விளையாடினர், செடி நட்டனர். 28 நாள்களில் அவர்களின் தோலில் வாழும் நுண்ணுயிர்களின் வகைகள் பெருகின. நோய் எதிர்ப்பு அமைப்பைச் சீராக வைத்திருக்கும் சில கூறுகளும் இரத்தத்தில் மேம்பட்டன. ஆய்வுக்கு உட்பட்ட குழந்தைகள் 75 பேர்தான், காலமும் குறுகியது. ஆகவே, மண்ணில் விளையாடினால் நோயே வராது என்று இதிலிருந்து முடிவு கட்டிவிட முடியாது. மண்ணைத் தொட்டாலே நோய் என்ற எண்ணம் முழுமையான உண்மை அன்று என்ற அளவில் எடுத்துக்கொள்ளலாம்.

தெரியும் சவால், தெரியாத கேடு

இனி, என் குறிப்பாணைக்கு வருகிறேன்.

நார்வேயைச் சேர்ந்த எல்லன் சாண்ட்செட்டர் என்ற ஆய்வாளர், குழந்தைகள் தாமாகவே தேடிச் செல்லும் இடர் விளையாட்டுகளை 2007இல் ஆறு வகையாகப் பிரித்தார். உயரம் ஏறுதல், வேகமாக ஓடுதல் அல்லது சறுக்குதல், கூர்மையான கருவிகளைக் கையாளுதல், நீர் அல்லது நெருப்பு அருகே விளையாடுதல், கட்டிப் புரளுதல், பெரியவர் கண்ணுக்கு மறைந்து செல்லுதல் ஆகியவையே அந்த ஆறு. இந்தப் பட்டியலைப் படிக்கும் தமிழ் வாசகர் எவருக்கும் தம் இளமைக்காலம் நினைவுக்கு வரும். கிணற்று மேட்டிலிருந்து குதித்ததும், புளிய மரத்தில் குரங்குக்கம்பு ஆடியதும், கண்மாய்க்கரையில் சறுக்கியதும் இவற்றில் அடங்கும். இத்தகைய விளையாட்டில் குழந்தை தன் அச்சத்தை அளக்கக் கற்கிறது. எந்த உயரத்தில் நிற்க வேண்டும், எப்போது இறங்க வேண்டும் என்ற முடிவை அதற்குப் பதிலாக வேறொருவர் எடுக்க முடியாது.

ஆனால், காட்டுப் பள்ளியினர் ஒரு வேறுபாட்டைக் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கின்றனர். குழந்தையின் கண்ணுக்குத் தெரிகின்ற, அது எடைபோடக் கூடிய சவால் ஒன்று. அதன் அறிவுக்கு எட்டாத, மறைந்திருக்கும் கேடு மற்றொன்று. மரத்தின் உயரம் சவால். உள்ளே உளுத்துப்போன கிளை கேடு. முதலாவதைக் குழந்தையிடம் விட்டுவிட வேண்டும். இரண்டாவதைக் குழந்தைகள் வருவதற்கு முன்பே பெரியவர் கண்டுபிடித்து அகற்ற வேண்டும்.

இதற்காக அவர்கள் செய்யும் வேலைகள் மிக எளியவை. ஒவ்வொரு முறையும் குழந்தைகள் வருவதற்கு முன் ஆசிரியர் இடத்தைச் சுற்றி நடந்து, தலைக்கு மேல் காய்ந்து தொங்கும் கிளைகளையும் காலுக்குக் கீழ் கிடக்கும் கண்ணாடித் துண்டுகளையும் பார்க்கிறார். எல்லை எதுவென்று குழந்தைகளுக்கு நடந்து காட்டப்படுகிறது. அழைப்பொலி கேட்டதும் எங்கிருந்தாலும் ஓடிவர வேண்டும் என்பதை விளையாட்டாகவே பழக்குகின்றனர். கத்தியைக் கையில் எடுக்கும் முன் குழந்தை இரு கைகளையும் நீட்டிச் சுற்றிப் பார்த்து, எட்டும் தொலைவில் எவரும் இல்லை என்று உறுதி செய்துகொள்ளப் பழகுகிறது. அதற்கும் முன்னதாகக் காய்கறித் தோல் சீவும் கருவியில் தொடங்கிப் படிப்படியாகவே கத்திக்கு வருகிறது. ஒவ்வொரு செயலுக்கும் அதனால் வரக்கூடிய தீங்கு என்ன, நன்மை என்ன என்று இரண்டையும் எழுதி எடைபோட்டு வைக்கின்றனர். பிரிட்டனின் உடல்நல, பாதுகாப்பு ஆணையமும் 2012இல், குழந்தைகளின் விளையாட்டிலிருந்து எல்லா இடர்களையும் நீக்குவது நோக்கமாக இருக்கக் கூடாது என்று தெளிவுபடுத்தியது.

இந்த அளவுகோலில் என்னையே நிறுத்திப் பார்த்தேன். அந்த மரத்தை நான் முன்னதாகச் சுற்றிப் பார்க்கவில்லை. முதலுதவிப் பெட்டி எடுத்துச் செல்லவில்லை. துணைக்கு மற்றொருவரை அழைத்துக்கொள்ளவில்லை. நாற்பதுக்கும் மேற்பட்டவர்களை ஒரே நேரத்தில் அழைத்துச் சென்றேன். பெற்றோரிடம் ஒரு சொல்லும் சொல்லவில்லை. மாணவன் மரம் ஏறியது தவறன்று. ஏறும் கிளையை நான் பார்க்காததே தவறு. ஆனால் அந்தத் தவறுக்குத் தண்டனை பெற்றவர்கள் மாணவர்கள். திருத்தியிருக்க வேண்டியதை நாங்கள் அனைவரும் சேர்ந்து நிறுத்திவிட்டோம்.

நம் மண்ணுக்கு ஏற்ப

டென்மார்க்கின் முறையை அப்படியே பெயர்த்து இங்கே நட முடியாது. மோசமான வானிலை என்று ஒன்று இல்லை, பொருந்தாத உடைதான் உண்டு என்று வட ஐரோப்பியர் சொல்வது வழக்கம். குளிருக்கு அது சரி. நம் கோடை வெயிலுக்கு எந்த உடையும் விடையாகாது. நிழலும் நேரமும்தான் விடை. நான் பிற்பகலில் அழைத்துச் சென்றதுகூடப் பிழைதான். காலையின் முதல் இரண்டு பாடவேளைகளே நம் ஊருக்கு ஏற்றவை. குடிநீர் கையில் இருக்க வேண்டும்.

பாம்பு மற்றோர் உண்மை. இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியால் இறந்தோர் சுமார் 12 இலட்சம் பேர் என்று 2020இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. ஆண்டுக்குச் சராசரியாக 58 ஆயிரம் உயிர்கள். இதை மறைத்துவிட்டுக் காட்டுக்குப் போவோம் என்று எழுதுவது பொறுப்பற்ற செயல். ஆனால் கிராமத்துக் குழந்தை பாம்பைக் காட்டில் மட்டும் சந்திப்பதில்லை. வயல்வரப்பிலும், விறகுக் குவியலிலும், கட்டுவிரியன் போன்றவற்றை இரவில் வீட்டுத் தரையிலும்கூடச் சந்திக்கிறது. பொந்துக்குள் கைவிடக் கூடாது, சருகுக் குவியலில் கோலால் தட்டிவிட்டே கால் வைக்க வேண்டும், கடிபட்டால் கட்டுப்போடாமல், வாயால் உறிஞ்சாமல், உடனே விஷமுறிவு மருந்துள்ள மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும் என்ற பாடத்தை அக்குழந்தை எங்கே கற்பது? துப்புரவாகப் பெருக்கிய, திறந்த தரையில் தொடங்கி, புதர்ப்பகுதியை எல்லைக்கு வெளியே வைத்து, கற்றுத்தரும் பெரியவரின் பக்கத்தில் நின்று கற்பதே மேல்.

நமக்குக் காடு எங்கே இருக்கிறது என்று கேட்கலாம். அடர்வனமோ தேசியப் பூங்காவோ இதற்குத் தேவையில்லை. வனவிலங்குகள் வாழும் காட்டுக்குள் குழந்தைகளை அழைத்துச் செல்லவும் கூடாது. கோயில்காடு, ஊருணிக் கரை, புளியந்தோப்பு, பள்ளி வளாகத்தின் மூலையில் ஐந்தாறு வேம்பும் புங்கமும் நிற்கும் இடம் போதும். ஐரோப்பியக் காட்டுப் பள்ளிகளும் பல இடங்களில் சிறு தோப்புகளில்தான் இயங்குகின்றன. ஆனால் அந்த இடம் நடந்து செல்லும் தொலைவில் இருக்க வேண்டும். அதே இடத்துக்கே திரும்பத் திரும்பச் செல்ல வேண்டும். கோயில்காடு என்றால் ஊர்ப் பெரியவர்களிடமும் பூசாரியிடமும் முறைப்படி கேட்டுச் செல்வதும், ஒரு குச்சியையும் ஒடிக்காமல் திரும்புவதும் அந்தப் பாடத்தின் பகுதியே.

2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையுள்ள மாணவர்களுக்குப் புத்தகப் பை இல்லாத பத்து நாள்களைப் பரிந்துரைக்கிறது. உள்ளூர்த் தொழில்களை அறிவதே அதன் முதன்மை நோக்கம் என்றாலும், வகுப்பறைக்கு வெளியே கல்வி உண்டு என்ற ஒப்புதலாவது அதில் இருக்கிறது. அக்கொள்கையின் மற்றக் கூறுகளில் எனக்குக் கருத்து வேறுபாடுகள் உண்டு. அவை இங்கே வேண்டா. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் ஒவ்வொரு பள்ளிக்கும் விளையாட்டுத் திடல் வேண்டும் என்கிறது. திடலைக் கட்டாயமாக்கியவர்கள், அதில் நிழல் தரும் மரங்களையும், அம்மரங்களின் கீழ் குழந்தைகள் செலவிடும் நேரத்தையும் கணக்கில் கொள்ள ஏன் தயங்க வேண்டும்?

நான் வேண்டுவது மிகச் சிறியது. ஒரு வகுப்பு, ஓர் இடம், வாரத்துக்கு இரண்டு பாடவேளை, கல்வியாண்டு முழுவதும். இருபது, இருபத்தைந்து குழந்தைகளுக்கு இரண்டு பெரியவர்கள். ஒருவர் ஆசிரியர், மற்றவர் மாணவரின் தாயாகவோ, அந்தக் காட்டை நன்கு அறிந்த ஆடு மேய்க்கும் பெரியவராகவோ இருக்கலாம். முதலுதவிப் பயிற்சி, முன்னதாக இடத்தைப் பார்வையிட்டுக் குறிக்கும் ஒரு பதிவேடு, பெற்றோரின் கையொப்பம் ஆகியவை கட்டாயம். இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒன்று உண்டு. இந்த நெறிமுறையைப் பின்பற்றிய ஆசிரியர், ஒரு குழந்தைக்குச் சிராய்ப்போ சுளுக்கோ ஏற்பட்டதற்காகத் தனித்து நின்று விளக்கம் எழுத வேண்டியிராது என்று கல்வித் துறை எழுத்துப்பூர்வமாக உறுதி தர வேண்டும். ஆசிரியரின் அச்சம் நீங்காமல் குழந்தையின் விடுதலை பற்றிப் பேசுவதில் பொருளில்லை. அலட்சியம் செய்தவரைக் கேள்வி கேட்கவும் அந்த நெறிமுறையே உதவும். அன்று அப்படியொன்று இருந்திருந்தால், என்னிடம் கேட்கப்பட்டிருக்க வேண்டிய கேள்வி, 'ஏன் அழைத்துச் சென்றீர்கள்?' என்பதாக இராது, 'கிளையைப் பார்த்தீர்களா?' என்பதாக இருந்திருக்கும். அந்தக் கேள்விக்கு நான் தலைகுனிந்திருப்பேன். அடுத்த வாரம் பார்த்துவிட்டு அழைத்துச் சென்றிருப்பேன்.

இதைக் காலம் தாழ்த்தாமல் செய்ய வேண்டிய காரணமும் உண்டு. நம் நகரங்களில் கட்டணம் மிகுந்த தனியார் பள்ளிகள் சில, இயற்கைவழிக் கல்வியை ஒரு சிறப்பு வசதியாக விளம்பரப்படுத்தத் தொடங்கிவிட்டன. அவற்றில் தவறில்லை. ஆனால் டென்மார்க்கில் அண்டை வீட்டுக் குழந்தைகளுடன் நடந்துபோன ஒரு தாயிடமிருந்து தொடங்கிய வழக்கம், இங்கே பணம் கொடுத்து வாங்கும் பொருளாகிவிடக் கூடாது. கோயில்காடும் ஊருணியும் அருகிலிருக்கும் அரசுப் பள்ளிக் குழந்தை சுவருக்குள் அமர்ந்திருக்க, மரமே இல்லாத நகரத்துக் குழந்தை கட்டணம் செலுத்திச் செயற்கைத் தோப்புக்குப் போகும் நிலை வருமானால், அதைவிடப் பெரிய முரண் வேறொன்று இராது.

அந்த மாணவனின் கை ஆறு வாரங்களில் குணமானது. அவன் மறுபடியும் மரம் ஏறியிருப்பான் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் எங்கள் வெள்ளிக்கிழமைகள் மறுபடி வரவில்லை. "இந்த வாரமும் காட்டுக்குப் போகலையா?" என்ற அவனுடைய கேள்விக்கு இன்று விடை சொல்ல வேண்டுமானால், இப்படிச் சொல்வேன்: "போகலாம்பா. நான் முதல்ல போய் மரத்தைப் பார்த்துட்டு வந்துடுறேன்."